ஈன்ற பாறை: விவிலிய மொழியில் இலக்கணப் பாலும் இறைவனின் தாய்மை உருவகங்களும்

எபிரேய மொழியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பாலாகவோ பெண்பாலாகவோதான் இருக்க முடியும். மூன்றாவது வகை கிடையாது. கல் பெண்பால், பாறை ஆண்பால். வாளும் போரும் வல்லமையும் பெண்பால். கருப்பையைக் குறிக்கும் ‘ரெஹெம்’ ஆண்பால். தாயின் முலையைக் குறிக்கும் ‘ஷத்’ என்பதும் ஆண்பால். தந்தை என்ற சொல் பன்மையாகும்போது பெண்பாற் பெயர்களுக்குரிய விகுதியை ஏற்று ‘அவோத்’ ஆகிறது. பெண்கள் என்பதற்கான ‘நஷீம்’ என்ற சொல்லோ ஆண்பாற் பெயர்களுக்குரிய விகுதியோடு நிற்கிறது. தமிழில் பால் என்பது பொருளைப் பார்த்து அமைவது. எபிரேயத்தில் அது பெரும்பாலும் சொல்லின் தன்மை. சொல் சுட்டும் பொருளின் தன்மை அன்று. மனிதரையும் சில விலங்குகளையும் குறிக்கும் சொற்களில் மட்டுமே இலக்கணப் பாலும் இயற்கைப் பாலும் ஒன்றுபடுகின்றன, அங்கும் எப்போதும் அல்ல. குட்டிகளைப் பறிகொடுத்த கரடியைப் போலத் தாம் பாய்வதாகக் கடவுள் கூறும் இடத்தில் (ஓசியா 13:8) கரடிக்கான சொல்லும் அதன் அடைமொழியும் ஆண்பால் வடிவத்தில் இருக்கின்றன. இரண்டாம் இராஜாக்கள் 2:24இல் அதே சொல்லின் பன்மைக்குப் பெண்பால் எண்ணுப்பெயர் சேர்வதால்தான் அவை பெண்கரடிகள் என்று தெரிகிறது.

கடவுளைப் பெண்ணுருவில் விவிலியம் பேசுகிறதா என்ற கேள்விக்கு விடை தேடுபவர் முதலில் அறிய வேண்டியது இது. இந்த விவாதத்தில் இரு தரப்பாரும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். கடவுளுக்கு ஆண்பால் வினை வருவதால் அவர் ஆண் என்கிறது ஒரு தரப்பு. ஆவி என்ற சொல் பெண்பாலாக இருப்பதால் ஆவியானவர் பெண் என்கிறது மற்றது. இரண்டும் சொல்லின் விகுதியைச் சான்றாக நிறுத்துகின்றன. அந்தச் சான்று இரண்டையுமே தாங்காது. விவிலியத்தில் தாய்மை உருவகங்கள் உண்டு, வலிமையாகவே உண்டு. ஆனால் அவை இருக்கும் இடம் வேறு.

எபிரேயத்தில் படர்க்கை வினை மட்டுமன்றி முன்னிலை வினையும் முன்னிலைப் பெயரும்கூடப் பால் காட்டும். ஆணிடம் பேசினால் ‘அத்தா’, பெண்ணிடம் பேசினால் ‘அத்’. தமிழில் ‘நீர்’ என்றோ ‘நீ’ என்றோ வேண்டுபவருக்கு இந்த நெருக்கடி இல்லை. எபிரேயத்தில் வேண்டுபவரோ ஒரு பாலைத் தேர்ந்தாக வேண்டும், எபிரேய மறைநூல் ஆண்பாலைத் தேர்ந்தது. ‘யாவே’ என்ற பெயருக்கும், வடிவில் பன்மையான ‘எலோஹீம்’ என்பதற்கும் ஆண்பால் ஒருமை வினையே வருகிறது. பெண்தெய்வத்துக்கென்று விவிலிய எபிரேயத்தில் தனிச்சொல் இல்லாததும் கவனிக்கத்தக்கது. சீதோனியரின் அஸ்தரோத்தைக் குறிப்பிடும் முதலாம் இராஜாக்கள் 11:5, அவளுக்கும் அதே ‘எலோஹீம்’ என்ற சொல்லையே வழங்குகிறது. தெய்வத்தைச் சுட்டும் பெயர்களுக்குத் தமக்கென ஈறு இல்லை, உயர்திணைக்குரிய பால் ஈறுகளைக் கொண்டே அவை வழங்கும் என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் சொல்வது எபிரேயத்துக்கும் பொருந்தும். மனிதருக்கு உள்ள இரண்டு ஈறுகளில் ஒன்றைக் கடன் வாங்காமல் அம்மொழியில் கடவுளைப் பற்றி ஒரு படர்க்கை வாக்கியம்கூட அமைக்க முடியாது. ஆணுருவிலோ பெண்ணுருவிலோ கடவுளுக்குச் சிலை செய்யலாகாது என்று உபாகமம் 4:16 இரண்டையும் பெயர் சொல்லியே விலக்குகிறது.

எண்ணாகமம் 11:15இல் ஒரு விந்தை உண்டு. மக்களின் முறையீட்டைத் தாங்க முடியாமல் மோசே கடவுளிடம் முறையிடும்போது ‘அத்’ என்ற பெண்பால் வடிவம் வருகிறது. இடைக்கால உரையாசிரியர் ராஷி இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்: வரவிருந்த தண்டனையைக் கண்டு மோசேயின் வலிமை தளர்ந்துபோனதன் அடையாளம் இது என்றார். ஆனால் அதே வாக்கியத்தில் அடுத்து வரும் வினை ஆண்பாலில் இருக்கிறது. உபாகமம் 5:27இல் மோசேயையே நோக்கி மக்கள் பேசும்போதும் இதே ‘அத்’ வருகிறது. ஆகவே இதைப் பழைய வடிவத்தின் எச்சமாகக் கொள்வதே பொருத்தம். இதிலிருந்து இறையியல் எதையும் வருவிக்க இயலாது.

இலக்கணமும் உருவகமும் தனித்தனி வழியில் செல்வதை இரண்டு வசனங்கள் மிகத் தெளிவாகக் காட்டுகின்றன. முதலாவது மோசேயின் பாடலில் வரும் உபாகமம் 32:18. இஸ்ரவேல் தன்னைப் பெற்ற பாறையை மறந்தது என்கிறது வசனம். பாறை ஆண்பாற் சொல். எச்ச வடிவமும் ஆண்பால். ஆனால் வசனத்தின் பிற்பகுதியில் கடவுளுக்கு வரும் வினையின் வேர் ‘ஹூல்’; பிரசவ வலியில் உடல் துடிப்பது அதன் பொருள். இதே வினை இதே அமைப்பில் ஏசாயா 51:2இல் சாராளுக்கு வருகிறது. அங்கே ஆபிரகாம் தந்தை என்றும் சாராள் வலியுற்று ஈன்றவள் என்றும் பிரித்தே சொல்லப்படுகிறது. ஆக, இலக்கணம் முழுவதும் ஆண்பாலாக இருக்கும் ஒரு வாக்கியத்துக்குள் பேறுகாலத்துப் பெண் நிற்கிறாள். 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு இதை ‘உருவாக்கிய’ என்று மழுக்கியது. 1966இல் வெளிவந்த எருசலேம் விவிலிய ஆங்கிலப் பதிப்பு ஒரு படி மேலே போய்க் கடவுளைத் தந்தையாக்கிவிட்டது. தமிழின் பழைய பதிப்பு ‘பெற்ற’ என்கிறது. மூலத்தின் வலி அதில் முழுமையாக ஒலிக்காவிட்டாலும் தாய் அதில் மறைந்துபோகவில்லை.

இரண்டாவது ஏசாயா 51:9. யாவேயின் புயத்தை விழித்தெழச் சொல்லும் வேண்டுதல் இது. புயம் எபிரேயத்தில் பெண்பால். ஏவல் வினைகள், முன்னிலைப் பெயர், எச்ச வடிவங்கள் எல்லாம் தவறாமல் பெண்பாலில் அடுக்கி வருகின்றன. அந்தப் புயம் செய்யும் வேலையோ வலிமையை உடுத்திக்கொண்டு ராகாப் என்னும் பெருவிலங்கை வெட்டிப் பிளப்பது. பெண்பால் இலக்கணம் மிகச் செறிந்த இந்த வசனத்தில் பெண்மையின் சாயல் துளியும் இல்லை. அது போர்க்களச் சித்திரம். சொல்லின் பால் உருவகத்தைத் தீர்மானிக்கும் என்று நம்புபவர்களுக்கு இவ்விரு வசனங்களும் சேர்ந்து விடை தருகின்றன.

தாய்மை உருவகங்கள் செறிந்து கிடப்பது ஏசாயா நூலின் 40 முதல் 66 வரையிலான அதிகாரங்களில். கி.மு. 586 அளவில் எருசலேம் வீழ்ந்தது, மக்கள் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதன் பின்னணியில் எழுந்த பகுதி இது. 42:13இல் யாவே போர்வீரனாகப் புறப்பட்டு முழங்குகிறார். அடுத்த வசனத்திலேயே, நெடுங்காலம் அடக்கி வைத்திருந்த மௌனம் உடைந்து, பிள்ளை பெறுபவளைப் போல முனகி, மூச்சு வாங்கி, திணறுவதாகச் சொல்கிறார். போர் முழக்கத்தையும் பேற்றுக் கதறலையும் ஒட்ட வைத்த துணிவு விவிலியக் கவிதையிலேயே அரிது. இரண்டையும் இணைப்பது குரல். உள்ளே இனி அடங்காத ஒன்று வெளியே வருவது. மென்மையைக் காட்ட மட்டுமே பெண்ணுருவகம் வரும் என்ற எண்ணத்தை இந்த இடம் தகர்க்கிறது. இங்கே பெண் உருவகத்தில் ஓங்கியிருப்பது ஆற்றல்.

49ஆம் அதிகாரத்தில் சீயோன் தன்னைக் கடவுள் கைவிட்டார், மறந்தார் என்கிறாள். அதற்கு மறுமொழியாக, பால்குடிக்கும் பிள்ளையைத் தாய் மறப்பாளோ என்ற கேள்வி வருகிறது. அதோடு நிற்காமல், அவள் மறந்தாலும் நான் மறவேன் என்று உருவகம் தன்னையே கடந்து செல்கிறது. அரசனுக்கும் குடிக்கும் உள்ள உறவு முறியக்கூடியது. கணவன்-மனைவி உறவுக்கு விலக்குச் சீட்டு உண்டு. அந்தச் சீட்டைப் பற்றி அடுத்த அதிகாரத்தின் முதல் வசனமே கேட்கிறது. நாடும் கோயிலும் அரசும் போன பிறகு, உடன்படிக்கை முறிந்ததோ என்று அஞ்சிய மக்களிடம் பேசுவதற்கு முறிக்கவே முடியாத ஓர் உறவு தேவைப்பட்டது. இப்பகுதியில் தாய் இத்தனை முறை வருவதற்கு அதுவே காரணம் என்று கொள்ள இடமுண்டு. 46:3–4இல் பிற தெய்வங்களின் சிலைகள் சுமக்கப்பட, யாவேயோ மக்களைக் கருவிலிருந்து நரை வரை சுமக்கிறார். 66:13இல் தாய் தேற்றுவதுபோல் தேற்றுவதாக வாக்களிக்கிறார். தேற்றப்படுபவரைக் குறிக்க அங்கே வரும் சொல் குழந்தை அன்று, வளர்ந்த ஆள்.

இந்த இடங்களில் பெரும்பாலானவை கடவுளே தன்மையில் பேசும் பேச்சு. எபிரேயத்தில் தன்மை வினைக்குப் பால் இல்லை. ‘நான் கதறுவேன்’, ‘நான் மறவேன்’, ‘நான் தேற்றுவேன்’ என்பன எந்தப் பாலையும் காட்டாத வடிவங்கள். மனிதர் கடவுளைப் பற்றிப் பேசும்போது ஆண்பால் விகுதி கட்டாயமாகிறது. கடவுள் தம்மைப் பற்றிப் பேசுவதாக அமைந்த இடத்தில் அந்தக் கட்டு தளர்கிறது, தாயின் உருவம் தடையின்றி உள்ளே வருகிறது. தீர்க்கதரிசிகள் இதைத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நிறுவ முடியாது. ஆனாலும் இந்த ஒத்திசைவு கவனத்துக்கு உரியது. ஓசியா 11ஆம் அதிகாரமும் தன்மைப் பேச்சுதான். எப்பிராயீமுக்கு (வட இஸ்ரவேலுக்கு) நடை பழக்கி, கைகளில் ஏந்தி, குனிந்து ஊட்டியதாகக் கடவுள் நினைவுகூர்கிறார். அங்கே தாய் என்ற சொல்லும் இல்லை, தந்தை என்ற சொல்லும் இல்லை. நான்காம் வசனத்தில் ‘நுகம்’ என்று படிக்கப்படும் சொல்லின் மெய்யெழுத்துகளைச் சற்றே வேறு உயிரோடு படித்தால் ‘பால்குடிப் பிள்ளை’ என்றாகும். பிள்ளையைக் கன்னத்தோடு அணைத்துத் தூக்கும் காட்சியை அங்கே காணும் அறிஞர்கள் உண்டு. ஒன்பதாம் வசனத்தில், நான் கடவுள், மனிதன் அல்ல என்ற அறிவிப்பு வருகிறது. அங்கே மனிதனுக்கு நிற்கும் ‘ஈஷ்’ ஆண்மகனைக் குறிப்பதற்கும் வழங்கும் சொல்.

யோபு 38:28–29 இரு பாலையும் ஒருங்கே நிறுத்துகிறது. மழைக்குத் தந்தை உண்டா, பனிக்கட்டி யாருடைய வயிற்றிலிருந்து வந்தது என்ற கேள்விகளுக்கு விடை சொல்லப்படவில்லை; கடவுள் பெற்றோர் இருவருமாகவும் நிற்கிறார், இருவருக்கும் அப்பாலும் நிற்கிறார். சங்கீதம் 22இல் பிள்ளையைத் தாயின் வயிற்றிலிருந்து எடுக்கும் மருத்துவச்சியின் பணியும், சங்கீதம் 123இல் பணிப்பெண் பார்த்திருக்கும் தலைவியின் கையும் கடவுளுக்கு உவமையாகின்றன.

கருணையைக் குறிக்கும் ‘ரஹமீம்’ கருப்பையைக் குறிக்கும் ‘ரெஹெம்’ என்பதோடு வேர் ஒன்றியது. எனவே கடவுளின் கருணை கருப்பைக் கருணை என்று விவிலிய அறிஞர் பிலிஸ் டிரிபிள் 1978இல் வெளியிட்ட நூலில் விரிவாக வாதிட்டார். எரேமியா 31:20ஐப் பற்றிய அவருடைய வாசிப்பு இன்றும் படிக்கத்தக்கது. ஆனால் வேர்ச்சொல்லிலிருந்து பொருளை வருவிப்பதன் ஆபத்தை அதற்கு முன்பே, 1961இல், மற்றோர் அறிஞரான ஜேம்ஸ் பார் எச்சரித்திருந்தார். இங்கே அந்த எச்சரிக்கை தேவை. சாலொமோனின் தீர்ப்பில் உண்மைத் தாயின் உள்ளம் பொங்கியதைச் சொல்லும் சொற்றொடரே (முதலாம் இராஜாக்கள் 3:26) ஆதியாகமம் 43:30இல் தம்பியைக் கண்ட யோசேப்புக்கும் வருகிறது. சங்கீதம் 103:13இல் இந்த வேரிலிருந்து வரும் வினைக்கு எழுவாய் தந்தை. கவிஞர்கள் கருப்பையின் நினைவைச் சில இடங்களில் வேண்டுமென்றே எழுப்பியிருக்கலாம். எரேமியாவின் இடம் அப்படித்தான் தோன்றுகிறது. அந்தச் சொல் வரும் இடமெல்லாம் தாய் வருகிறாள் என்று மட்டும் சொல்ல முடியாது. ‘ஏல் ஷத்தாய்’ என்ற கடவுட்பெயரை முலையோடு இணைக்கும் விளக்கமும் மலையோடு இணைக்கும் விளக்கமும் முடிவு காணாதவை.

ஞானத்தைக் குறிக்கும் ‘ஹொக்மா’வின் நிலை சற்றே வேறு. இதுவும் பெண்பாற் சொல்தான். ஆனால் நீதிமொழிகள் 1 முதல் 9 வரையிலான அதிகாரங்கள் சொல்லின் பாலோடு நின்றுவிடாமல் அதை ஒரு பெண்ணாகவே வளர்த்தெடுக்கின்றன. அவள் தெருமுனையில் கூவுகிறாள், வீடு கட்டுகிறாள், விருந்து சமைக்கிறாள், பணிப்பெண்களை அனுப்பி அழைக்கிறாள். படைப்பின்போது கடவுளின் அருகே இருந்து மகிழ்கிறாள். இலக்கணப் பால் ஒரு வாயிலைத் திறந்தது; அதன் வழியே நுழைந்து உருவத்தைப் படைத்தது கவிதை. கிரேக்கத்தில் ‘சோஃபியா’வும் பெண்பாலாக அமைந்ததால் சாலொமோனின் ஞானமும் சீராக்கின் கிரேக்க மொழிபெயர்ப்பும் இந்த மரபைத் தொடர முடிந்தது. கிறிஸ்துவைக் கடவுளின் ஞானம் என்று பவுல் அழைத்தபோது (முதலாம் கொரிந்தியர் 1:24) பெண்பாற் சொல் ஓர் ஆண் மீது தயக்கமின்றி அமர்ந்தது.

ஆவியைக் குறிக்கும் ‘ரூவாஹ்’ காற்றையும் மூச்சையும் குறிப்பது. பெரும்பாலும் பெண்பாலாகவும் சில இடங்களில் ஆண்பாலாகவும் வரும். சிம்சோன்மேல் இறங்கும் ஆவிக்குப் பெண்பால் வினை (நியாயாதிபதிகள் 14:6). ஆகாபை ஏமாற்றப் புறப்படும் ஆவிக்கு ஆண்பால் வினை (முதலாம் இராஜாக்கள் 22:21). ஆதியாகமம் 1:2இல் நீரின்மேல் அசையும் ரூவாஹுக்குப் பெண்பால் எச்சம் வருகிறது. அதே வினை உபாகமம் 32:11இல் குஞ்சுகளின்மேல் சிறகடிக்கும் கழுகுக்கு வருவதால், தாய்ப்பறவையின் சாயலைப் பலர் அங்கே கண்டனர். சாயலுக்கு ஆதாரம் வினையின் பொருள்தான், விகுதி அன்று. கழுகுக்கு வரும் வினை ஆண்பாலில் இருக்கிறது.

கிரேக்கத்தில் ‘நியூமா’ ஒன்றன்பால், இலத்தீனில் ‘ஸ்பிரித்துஸ்’ ஆண்பால். அரமேயத்தின் கிளையான சிரியாக்கில் ‘ரூஹா’ பெண்பால். இந்தியாவில் நடப்பதாகக் கதை சொல்லும் ‘தோமா பணிகள்’ என்ற மூன்றாம் நூற்றாண்டு நூல் சிரியாக் மரபில் பிறந்தது. அதன் மன்றாட்டுகள் ஆவியை இரக்கமுள்ள தாயே என்று விளிக்கின்றன. நான்காம் நூற்றாண்டில் பாரசீகத்தில் எழுதிய அஃப்ராஹாத், மணம் செய்யாதவன் கடவுளைத் தந்தையாகவும் தூய ஆவியைத் தாயாகவும் நேசிக்கிறான் என்றார். இவற்றில் சொல்லின் பால் உருவகமாக மலர்ந்திருக்கிறது. அதே மரபைச் சேர்ந்த ‘சாலொமோனின் பாடல்கள்’ எனும் தொகுப்பின் 19ஆம் பாடலிலோ முலைகள் இருப்பது தந்தைக்கு. அவற்றிலிருந்து பால் கறப்பவர் ஆவி. ஐந்தாம் நூற்றாண்டு முதல் சிரியாக் எழுத்தாளர்கள், தூய ஆவியைக் குறிக்கும்போது மட்டும் ரூஹாவை ஆண்பாலாக வழங்கத் தொடங்கினர். மொழியின் இயல்பை மீறிய இந்த மாற்றத்துக்குக் கிரேக்க இறையியலின் செல்வாக்கு ஒரு காரணம்.

ஆனால் இதே சிரியாக்கில் இன்னொரு சான்றும் இருக்கிறது. யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில் வரும் ‘வார்த்தை’க்குச் சிரியாக்கில் ‘மெல்தா’, இதுவும் பெண்பால். பழைய சிரியாக் மொழிபெயர்ப்பில் அதற்குப் பெண்பால் வினைகளே வந்தன. பின்வந்த பெஷீத்தா ஆண்பாலாக்கியது. பெண்பால் வினையோடு படித்த காலத்தில் இயேசு பெண் என்று யாரும் முடிவு கட்டவில்லை. அதற்கு மாறாக, விகுதியை உயிரியலாகவே எடுத்துக்கொண்டதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த பிலிப்பு நற்செய்தி, ஒரு பெண் இன்னொரு பெண்ணால் கருவுறுவது எப்படி என்று கேட்டு, மரியா தூய ஆவியால் கருவுற்றார் என்பதை மறுக்கிறது.

புதிய ஏற்பாட்டில் ஆவியைப் பற்றிய யோவான் 14 முதல் 16 வரையிலான அதிகாரங்களில் ‘அவர்’ என்ற ஆண்பால் சுட்டு வருவது, தேற்றரவாளனைக் குறிக்கும் ‘பராக்லேத்தோஸ்’ ஆண்பாற் சொல் என்பதால். இயேசுவின் பேச்சில் பெண் உருவங்கள் இலக்கணத்தைச் சாராமல் வருகின்றன. குஞ்சுகளைச் சிறகின்கீழ் சேர்க்கும் கோழியாகத் தம்மையே அவர் சொல்கிறார் (மத்தேயு 23:37). லூக்கா 15இல் ஆட்டைத் தேடும் மேய்ப்பனுக்கும் மகனுக்காகக் காத்திருக்கும் தந்தைக்கும் நடுவே, விளக்கேற்றி வீட்டைப் பெருக்கிக் காசைத் தேடும் பெண் நிற்கிறாள். மூன்று கதைகளும் ஒரே பொருளைச் சொல்பவை. மற்ற இருவரையும் கடவுளின் உருவமாக ஓவியர்களும் பிரசங்கிகளும் ஓயாமல் எடுத்தாண்டிருக்க, அந்தப் பெண்ணுக்கு அந்த மதிப்பு கிடைக்காமல் போனது வருந்தத்தக்கது.

திருச்சபையின் பழைய ஆசிரியர்கள் இந்தச் சிக்கலை அறிந்திருந்தார்கள். நசியான்சு கிரகோரி 380இல் கான்ஸ்டாண்டிநோபிளில் ஆற்றிய ஐந்தாம் இறையியல் உரையில், கடவுள் என்ற சொல் ஆண்பால் என்பதால் அவர் ஆண், தெய்வத்தன்மை என்ற சொல் பெண்பால் என்பதால் அது பெண், ஆவி ஒன்றன்பால் என்பதால் அது இரண்டுமற்றது என்று கொள்வதன் அபத்தத்தை எடுத்துக் காட்டினார். எரோனிமுஸ் தம் ஏசாயா விளக்கவுரையில், ஆவி எபிரேயத்தில் பெண்பால், இலத்தீனில் ஆண்பால், கிரேக்கத்தில் ஒன்றன்பால் என்று வரிசைப்படுத்தி, தெய்வத்தில் பால் இல்லை என்றார். நீசா கிரகோரியும் தாய், தந்தை என்ற இரு பெயர்களும் கடவுளிடம் ஒரே பொருள் தருபவை என்றார். 675இல் கூடிய பதினோராம் தொலேதோ சங்கம், மகன் தந்தையின் கருப்பையிலிருந்து பிறந்தவர் என்று அறிக்கையிட்டது. சங்கீதம் 110:3இன் கிரேக்க, இலத்தீன் வடிவங்கள் அதற்கு அடிப்படை. நடுக்காலத்தில் ஆன்செல்ம் இயேசுவைத் தாய் என்று விளித்து மன்றாடினார். 1373இல் தாம் கண்ட காட்சிகளை எழுதிய நார்விச் ஜூலியன் அதை விரிந்த இறையியலாக்கினார். 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், கடவுளின் பரிவைத் தாய்மை உருவகத்தாலும் சொல்லலாம் என்றும், அவர் ஆண் பெண் வேறுபாட்டைக் கடந்தவர் என்றும் 239ஆம் எண்ணில் குறிப்பிடுகிறது.

தமிழ் மொழிபெயர்ப்புகளில் நிலைமை எபிரேயத்துக்கு நேர்மாறானது. மரியாதைப் பன்மையில் வரும் ‘அவர்’, ‘சொன்னார்’ என்பன பால் காட்டா. 1871இல் ஹென்றி பவர் தலைமையில் நிறைவேறிய ஐக்கியத் திருப்புதலில் ‘தேவன்’, ‘பிதா’ போன்ற பெயர்களில் மட்டுமே ஆண்பால் தங்குகிறது. வினை அதை வற்புறுத்துவதில்லை. 1995இன் திருவிவிலியம் எடுத்துக்கொண்ட ‘கடவுள்’, ‘ஆண்டவர்’ ஆகியவற்றில் ‘அன்’ ஈறும் இல்லை. எனவே ஏசாயா 42:14ஐத் தமிழில் படிப்பவருக்கு ஆண்பால் வினை எதுவும் குறுக்கே நிற்பதில்லை. ஆவி, ஞானம் இரண்டும் தமிழில் அஃறிணைச் சொற்கள். ஆவியை உயர்திணையாக்க ‘ஆவியானவர்’ என்ற வடிவம் தேவைப்பட்டது. அதிலும் பால் தெரிவதில்லை. ஞானத்துக்கு அப்படி ஒரு வடிவம் அமையவில்லை. பழைய பதிப்பின் நீதிமொழிகளில் ஞானம் அஃறிணை வினையோடு கூப்பிடுகிறது, வீடு கட்டுகிறது. எபிரேயக் கவிதை வளர்த்த பெண் அங்கே பெரும்பாலும் மறைந்துவிடுகிறாள். 7:4இல் ஞானத்தைச் சகோதரி என்று அழைக்கச் சொல்லும்போதும், 9ஆம் அதிகாரத்தில் பணிப்பெண்களை அனுப்பும்போதும் மட்டும் அவள் முகம் தெரிகிறது.